காது வலி என்று நினைத்தோம், தாடை மூட்டாம்

தாடை மூட்டு வலிக்குக் கைகளால் செய்யும் பிசியோதெரபி உதவும் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருந்தபோது பல மாதம் காது வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சொட்டு மருந்து விட்டோம், வலி எதற்கும் அடங்கவில்லை. அந்த மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருப்பதால் வலி காதில் தெரிகிறது என்பதை ஈப்போவில் ஒரு பல் டாக்டர்தான் விளக்கினார். தூக்கத்தில் அம்மா பல்லை நறநறவென்று கடிப்பார், அதனால் தாடைத் தசை இறுகிப்போயிருந்தது.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் கையுறை போட்டு, வாய்க்குள் விரல் வைத்துக் கன்னத் தசையை மெதுவாக அழுத்தித் தளர்த்தினார். சாதாரணமாக மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழையும். அம்மாவுக்கு இரண்டே சிரமம். சில வாரங்களில் மூன்றாவதும் நுழைந்தது, அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் வெந்நீர் ஒத்தடம், முறுக்குக்குத் தடை. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் பல்லோடு பல் படக்கூடாது.

தோட்டத்து உறவுகளே, நீவி விடுபவர் தாடையை வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள். வலியில்லாமல் 'டக்' சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் தாடை வலியோடு நெஞ்சும் அழுத்தினால் அது இதயமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.