"பி.எஃப். எப்போங்க எடுக்கலாம்?"

நேற்று காலையில் வேலைக்குச் சேர்ந்த பையன், இன்று மதியம் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறான். "மேடம், பி.எஃப். எப்போங்க எடுக்கலாம்?" எங்கள் கம்பெனி அவனுடைய வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.எஃப்.பில், இன்னும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அதற்குள் எடுக்கிற கவலை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் 11 வருஷமாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. ஏன் எடுக்கணும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நம்ம காசுதானுங்க." "58 வயசு வரைக்கும் யாரு இருக்கப் போறா?" "கவர்மெண்ட்டை நம்பி விட முடியுமா?" "நம்ம கையில காசு தங்காதுங்க மேடம், அது ராசி."

இந்த ராசி என்கிற வார்த்தைதான் என்னை ரொம்பப் படுத்துகிறது.

போன மாதம் எங்கள் ஓவர்லாக் டெய்லர் அண்ணன் ஒருவர் வந்தார். வயது 54. கையில் மஞ்சப்பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன பழைய சம்பளச் சீட்டுகள். "அம்முணி, நான் 22 வருஷமா பி.எஃப். கட்டறேன். பென்சன் எவ்வளவு வரும்னு பாரு" என்றார். பார்த்தேன். கணக்கில் இருந்த சர்வீஸ் 1 வருஷம் 4 மாதம். அவ்வளவுதான்.

22 வருஷத்தில் 6 கம்பெனி மாறியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டு நின்று, பி.எஃப். பிடிக்காத ஏதோ ஒரு பவர் டேபிளில் (சின்னத் தையல் யூனிட்டில்) ரெண்டு மாசம் ஓட்டிவிட்டு, பாரம் 19-ம் 10சி-யும் போட்டு மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டார். 19 போட்டால் சேர்த்த பணம் போகும். 10சி போட்டுப் பென்சன் பங்கையும் வாங்கிவிட்டால் அதுவரை உழைத்த வருஷங்களே போய்விடும். பென்சனுக்குக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். பென்சன் வயசான 58-க்கு அவருக்கு இன்னும் 4 வருஷம்தான். எந்தக் கணக்குப் போட்டாலும் எட்டாது.

அத்தனை வருஷத்தையும் எடுக்காமல், புதுக் கம்பெனிக் கணக்குக்கு அப்படியே மாற்றிக்கொண்டே வந்திருந்தால்? பென்சன் கணக்குக்கான சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்துப் பாருங்கள். மாதம் சில ஆயிரம் ரூபாய் வந்திருக்கும். பெரிய பணம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண் மங்கி ஊசி கோக்க முடியாத வயசில், பிள்ளைகளிடம் கை நீட்டாமல் மருந்து மாத்திரைக்கு ஆகியிருக்குமே!

எடுத்த பணமெல்லாம் எங்கே என்று கேட்டேன். ஒரு தடவை மகளுக்கு ஆபரேஷன். அதை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், ஆபத்துக்கு உதவத்தான் பணம். மற்றதெல்லாம்? கோயில் நோம்பிக்குக் கெடா வெட்டு. வண்டிக்கு முன்பணம். கைமாற்றாக மச்சானுக்குக் கொடுத்து, திரும்பி வராத 40,000. எல்லாம் சொல்லிவிட்டு அமைதியாகச் சொன்னார், "விடு அம்முணி, நம்ம ராசி அப்படி."

ராசியா? 10சி-யில் கையெழுத்துப் போட்டது ராசியா? அவரிடம் கோபப்பட மனசு வரவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

தப்பு முழுக்கத் தொழிலாளி மேல் என்று சொல்ல மாட்டேன். வேலையை விட்ட தேதியைப் பதியாமல் மாசக்கணக்கில் அலைய விடுகிற ஆபீஸ்கள் உண்டு. "மாத்தறது கஷ்டங்க, எடுத்துருங்க" என்று கமிஷனுக்காகத் தூண்டிவிடுகிற பிரவுசிங் சென்டர்காரர்களும் உண்டு. ஆனால் கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். நம்பரான யு.ஏ.என். வந்தது 2014-ல். ஆதாரும் பேங்க் கணக்கும் சரியாக இணைந்திருந்தால் போனிலேயே மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு ரெண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிற போன்தானே அது?

உங்களிடம் பிடிக்கிற 12 சதவீதத்துக்கு ஈடாக முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். முதலாளி போடுகிற அந்த 12-ல் 8.33 பென்சனுக்குப் போகிறது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். 27 வயசில் போனுக்காக எடுக்கிற 60,000 ரூபாய், இதே வட்டி நீடித்தால் 58 வயசில் 7 லட்சம். அந்தப் போன் மூணு வருஷம் தாங்குமா? "யாரு இருக்கப் போறா" என்கிறீர்களே, வேலையில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை இன்சூரன்ஸ் இருப்பதும் இதே பி.எஃப்.பில்தான். ஒருத்தராவது அதைப் பற்றி என்னிடம் கேட்டதுண்டா? நாமினி பெயர்கூடப் போடாமல் எத்தனை பேர்!

அந்தப் பையனை உட்கார வைத்து, பழைய கம்பெனி கணக்கைத் திறந்து பார்த்தேன். 2 வருஷம் 7 மாதம் அப்படியே கிடக்கிறது. "அதையும் எடுத்துத் தாங்க மேடம்" என்றான். முடியாது, மாற்றித்தான் தருவேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறான். பரவாயில்லை. திங்கட்கிழமை ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.