முதுகு பாதிக்கப்பட்டவருக்கு நாற்காலி மட்டும் போதாது

ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பண்டிகைக் காலங்களில் கிடங்கிலிருந்து பண்டல்களைத் தூக்கி மாடிக்கு ஏற்றுவதும் எங்கள் வேலையாகவே இருந்தது. 2022 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, குனிந்து ஒரு பண்டலைத் தூக்கியபோது இடுப்பில் சுளீரென்று பிடித்த வலி இடது காலின் கட்டைவிரல் வரை இறங்கியது. ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. பாரம் தூக்கக் கூடாது, ஒரே நிலையில் நெடுநேரம் நிற்கவோ உட்காரவோ கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

இ.எஸ்.ஐ. இருந்ததால் விடுப்பில் இருந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைத்தது. ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் அந்தத் தொகை இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. சிக்கல் தொடங்கியது வேலைக்குத் திரும்பிய பிறகுதான்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் அறிவேன். ஆனால் நிர்வாகம் எனக்குச் செய்த ஒரே உதவி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்து பில் போடும் இடத்தில் உட்கார வைத்ததுதான். மேசை தாழ்வாக இருந்ததால் எட்டு மணி நேரமும் முன்னால் குனிந்தே இருக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். எழுந்து நாலு அடி நடந்தால், “உட்காரத்தானேக்கா கேட்டீங்க, இப்ப ஏன் எழுந்து சுத்துறீங்க?” என்பார் மேற்பார்வையாளர். விலகிய ஜவ்வுக்கு, குனிந்து உட்காருவது நிற்பதைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மருத்துவர் எழுதிய சீட்டு கோப்பில் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

எனக்குத் தேவைப்பட்டவை மிகச் சிறியவை: நான்கு அங்குலம் உயரமான மேசை, அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்க அனுமதி, பண்டல் தூக்கும் வேலையிலிருந்து விலக்கு. இவற்றுக்கு ஆகும் செலவு, ஒன்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்கும் செலவில் ஒரு பங்குகூட இருக்காது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணி இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பை அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களோடு நிறுத்திவிட்டது பெரும் குறை என்பதே என் உறுதியான கருத்து. அதைவிடவும், வெளியே தெரியாத முதுகுவலிக்கு ஊனச் சான்றிதழ் கிடைப்பதே கடினம் என்பதால், எங்களைப் போன்றோர் சட்டத்தின் வாசலுக்குக்கூடப் போக முடிவதில்லை. சான்றிதழ் இல்லாவிட்டாலும், மருத்துவர் எழுதித் தரும் கட்டுப்பாடுகளை முதலாளி தொழிலாளியோடு உட்கார்ந்து படித்து, எந்த வேலை முடியும், எது முடியாது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்ற ஒரு விதியைக் கடைகள் சட்டத்திலேயே சேர்க்கலாம்.

அந்தக் கடையிலிருந்து நான்கு மாதத்தில் நானே விலகினேன். இப்போது வேலை பார்க்கும் சிறிய கடையின் உரிமையாளர், மேசைக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்து, “இந்த உயரம் சரியா இருக்காம்மா?” என்று முதல் நாளே கேட்டார்.