பத்து நாள் கணக்கு தப்புண்ணே

'மனச்சோர்வுக்குத் தர்ற எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை பத்து நாள்ல கேக்கலைன்னா நிறுத்திட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மிர்டாசபினுக்கு மாறிடுங்க'ன்னு மேலே எழுதியிருக்கீங்க அண்ணே. தப்பு. இந்த வகை மாத்திரை பிடிக்கவே 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய 6–8 வாரம்கூட ஆகலாம். முதல்ல வர்றது பக்கவிளைவுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி என் தங்கச்சியைப் பாலக்காட்டுல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம், இந்த வகை மாத்திரைதான் குடுத்தாங்க. முதல் வாரம் இட்லித் தட்டைப் பார்த்தாலே குமட்டிக்கிட்டு எழுந்திருவா. அஞ்சாவது வாரந்தான் தானா வாசல்ல கோலம் போட உட்கார்ந்தா.

மிர்டாசபின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும், எடையும் ஏறும். தூக்கம் பசி போனவருக்கு அது சரி, எல்லாருக்கும் இல்லை. அப்புறம், படக்குன்னு நிறுத்தினா தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி வரும். மாத்தணும்னா டாக்டர்கிட்டக் கேட்டு மாத்துங்க. ராத்திரி ரொம்ப முடியலைன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம்.