ஜட்டியில் கறை என்றால் முதலில் வயிற்றைப் பாருங்கள்

ஏழு வயசுப் பையன் ஜட்டியிலேயே மலம் போய்விடுகிறான் என்றால் நம் வீடுகளில் முதலில் விழுவது அடி. அடுத்தது, "வேணும்னே பண்றான்" என்கிற தீர்ப்பு. அடியும் தப்பு, தீர்ப்பும் பெரும்பாலும் தப்பு.

நாலு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இப்படி ஆனால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது மலச்சிக்கலை. பத்தில் எட்டுப் பேருக்காவது அதுதான் காரணம். "அதெப்படி, தினமும் தண்ணியாத்தானே போறான்?" என்று பெற்றோர் கேட்பார்கள். என்றைக்கோ ஒருநாள் போகும்போது வலித்திருக்கும். இல்லையென்றால் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து அடக்கியிருப்பான். அடக்க அடக்க உள்ளே தேங்கியது வற்றி இறுகும், மலக்குடல் விரியும், 'வருகிறது' என்ற உணர்வே மழுங்கிவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியின் ஓரமாகக் கசிந்து இறங்கும். பையனுக்குத் தெரியவே தெரியாது. இதைப் பேதி என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

கதவுக்குப் பின்னால் போய், நுனிக்காலில் நின்று, தொடைகளை இறுக்கி, முகம் சிவக்க நிற்கும் பிள்ளையைப் பார்த்து "பாவம், முக்குறான்" என்போம். அவன் முக்கவில்லை, அடக்குகிறான். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். வாரத்துக்கு எத்தனை முறை போகிறான், ஆட்டுப் புழுக்கை மாதிரியா, கழிப்பறையே அடைக்கிற அளவுக்குப் பெரிதா, வலிக்கிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். இந்த மாதிரி குடல் கோளாறுகளை அடையாளம் காண நிபுணர்கள் வகுத்து 2016-இல் வந்த ரோம் 4 வரையறையும் இதே மாதிரி கேள்விகளைத்தான் வைத்திருக்கிறது.

பிறகு மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், ஆசனவாயையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்ப்பார். பெரும்பாலும் அவ்வளவே போதும். எடுத்தவுடன் எக்ஸ்ரே, ஸ்கேன் என்று ஓட வேண்டியதில்லை. ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, வயிறு உப்பி பச்சையாக வாந்தி எடுக்கும் பிள்ளை, நடையில் தடுமாற்றம் உள்ள பிள்ளை என்றால் கதை வேறு. குடல் நரம்புக் குறைபாடான ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயோ தண்டுவடக் கோளாறோ இருக்கலாம். கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள். மலச்சிக்கலே இல்லாமல் ஜட்டியில் மலம் போகும் பிள்ளைகளும் கொஞ்சம் பேர் உண்டு. அங்கே வீட்டுச் சூழல், மனது என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவிச் செருகும் பாட்டி வைத்தியத்தை விட்டுவிடலாம். ஏற்கெனவே அந்த இடத்தைத் தொட்டாலே நடுங்கும் பிள்ளை அவன். மருத்துவர் தரும் மலமிளக்கிப் பவுடரால் கட்டி கரைந்ததும் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறோம் பாருங்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும். குறைந்தது இரண்டு மாதம் மருந்து ஓட வேண்டும், பலருக்கு அதற்கும் மேல். சாப்பிட்டதும் ஐந்து பத்து நிமிடம் உட்காரவையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் கீழே ஒரு முக்காலி போடுங்கள்.

பள்ளிப் பையில் மாற்று ஜட்டியும் ஒரு கவரும் வையுங்கள். வகுப்பு நடுவில் கேட்டாலும் அனுப்பச் சொல்லி ஆசிரியரிடம் பேசுங்கள். தனியாக. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அல்ல.