கம்பியின் நுனியில் வரும் வாடை

மெக்சிகோவில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடி அலையும் தாய்மார்கள் கையில் ஒரு நீளமான இரும்புக் கம்பி இருக்கும். மண் கிளறப்பட்டதுபோல் தெரியும் இடத்தில், புல் ஒரு மாதிரியாக முளைத்திருக்கும் இடத்தில், அதைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். பிறகு உருவி எடுத்து, நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார்கள். பிண வாடை வந்தால் தோண்ட வேண்டும். வராவிட்டால் நாலடி தள்ளி மறுபடி அடிக்க வேண்டும்.

2022 மே மாதம் அந்நாட்டு அரசின் சொந்தப் பதிவேட்டிலேயே காணாமல் போனவர்கள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பாலானவர்கள் 2006 டிசம்பரில் அரசு போதைக் கும்பல்கள் மீது ராணுவத்தை ஏவிய பிறகு காணாமல் போனவர்கள்.

சில நாட்களுக்கு முன் ஒரு பேச்சில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "வார இறுதியில் ஒருத்தன் கொஞ்சம் கொகைன் எடுத்தால் யாருக்கு என்ன? அவன் காசு, அவன் உடம்பு." நன்றாகப் படித்தவர், கெட்டவரும் இல்லை. அந்த நேரம் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கம்பிதான் கண்ணில் நின்றது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோகா இலை வேறு, கொகைன் வேறு. ஆண்டீஸ் மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த இலையை மென்று வருகிறார்கள். பசிக்கு, களைப்புக்கு, மலையுச்சியில் வரும் தலைசுற்றலுக்கு, சாமிக்குப் படைக்க என்று எல்லாவற்றுக்கும் அந்த இலைதான். அதிலிருந்து கொகைனைத் தனியே பிரித்தெடுத்தது 1860இல், ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில். இந்த நாசத்துக்கு அந்த மலை மக்களைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொலம்பியாவில் இலை பறிப்பவர்களை ரஸ்பாச்சின் என்பார்கள், அதாவது சுரண்டி எடுப்பவர். கிளையை இரண்டு கையாலும் பிடித்து அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தால் இலை மொத்தமும் கைக்கு வந்துவிடும், தோலும் கூடவே போகும். அதனால் விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு இறங்குவார்கள். பறித்த மூட்டையை எடை போட்டுக் கூலி. அந்த இலையை நறுக்கி, சிமெண்டோ சுண்ணாம்போ தூவி, பெட்ரோலில் ஊறவைத்து, அமிலம் சேர்த்துப் பசையாக்குவார்கள். தார்ப்பாயைக் கூரையாகக் கட்டிய கொட்டகையில் நாள் முழுக்க அந்தப் பெட்ரோல் ஆவியைச் சுவாசித்துக்கொண்டு செய்கிற வேலை. மிச்சக் கழிவு பக்கத்து ஓடைக்குப் போகிறது. ஒரு கிலோ கொகைனுக்குப் பல நூறு கிலோ இலை வேண்டும். அதே கிலோ ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும்போது பல்லாயிரம் யூரோ. அதில் இலை பறித்தவருக்குக் கிடைப்பது சில்லறை.

வேறு பயிர் போடலாமே என்று கேட்பது சுலபம். சாலை இல்லாத ஊரில் அன்னாசியும் வாழையும் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். கோகா பசையை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். வாங்குகிறவன் ஊருக்கே வருவான். அரசு எத்தனையோ ஆண்டுகளாக வராத ஊருக்கு அவன் தவறாமல் வருவான். அப்புறம் ஒருநாள் அரசும் வந்தது, விமானத்தில். 2015 வரை வானத்திலிருந்து களைக்கொல்லியைத் தெளித்தார்கள். கோகாவோடு பக்கத்துப் பாத்தியிலிருந்த மரவள்ளியும் வாழையும் கருகின. எல்லை தாண்டி ஈக்வடார் நிலத்திலும் விழுந்ததால், அந்த வழக்கை முடித்துக்கொள்ள 2013இல் கொலம்பியா ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில் கொலம்பியாவில் கோகா விளையும் கட்டாட்டும்போ பகுதியில் இரண்டு ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்டபோது, சில வாரங்களுக்குள் 50,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் கூகுத்தா நகரத்தின் கால்பந்து மைதானத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த வெள்ளைப் பொடியைத் தொட்டிருப்பார்கள்?

ஈக்வடாரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2017 வாக்கில் அங்கே கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு ஆறுக்கும் கீழே இருந்தது. 2023இல் நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த நாடு செய்த பாவம் என்ன? கோகா விளையும் கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் நடுவில் இருக்கிறது. உலகத்திலேயே அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்கிறது. குவாயாகில் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் வாழைப்பழக் கண்டெய்னர்கள் கொகைனை ஒளிக்க வசதியாகிவிட்டன. அங்கே புழங்குவதும் டாலர் என்பதால் கறுப்புப் பணத்தை மாற்றுகிற வேலைகூட இல்லை. 2023 ஆகஸ்டில் ஊழலையும் போதைக் கும்பல்களையும் எதிர்த்துப் பேசிய அதிபர் வேட்பாளர் பெர்னாண்டோ வில்லாவிசென்சியோ, பிரசாரக் கூட்டம் முடிந்து காரில் ஏறும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஜனவரியில் முகமூடி போட்டவர்கள் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்து நேரலையிலேயே ஊழியர்களைத் தரையில் படுக்கவைத்தார்கள். அரசு, நாட்டுக்குள் போர் என்று அறிவித்து ராணுவத்தைத் தெருவில் இறக்கியது.

அந்தப் போர் யார் வீட்டு வாசலுக்கு வந்தது தெரியுமா? 2024 டிசம்பர் 8 அன்று குவாயாகிலில் கால்பந்து ஆடிவிட்டு வீடு திரும்பிய நான்கு பையன்களை ராணுவ ரோந்துக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 11 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள். கடைசியில் எரிந்த உடல்கள்தான் கிடைத்தன. மரபணுச் சோதனையில் அவர்கள்தான் என்று உறுதியானது ஆண்டின் கடைசி நாளில். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, சரக்கு போய் இறங்கும் இடத்தில் மட்டும் நிம்மதியா? பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 2023இல் மட்டும் 116 டன் கொகைன் பிடிபட்டது. பக்கத்து நாடான நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கண்டெய்னரிலிருந்து சரக்கை எடுத்துத் தர ஏழைப் பேட்டைகளின் பையன்களைப் பிடிக்கிறார்கள். அவர்கள் உணவும் போர்வையுமாக வெற்றுக் கண்டெய்னருக்குள் நாள்கணக்கில் ஒளிந்திருப்பார்கள். 2021 செப்டம்பரில் ஒன்பது பேர் அப்படி உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. மூச்சு முட்டியதும் அவர்களே அவசர உதவியை அழைத்ததால் பிழைத்தார்கள். 2023 ஜனவரியில் ஆண்ட்வெர்ப்பில் ஒரு வீட்டின் மீது சுட்ட குண்டு கதவைத் துளைத்து உள்ளேயிருந்த 11 வயதுச் சிறுமியைக் கொன்றது. போதைக் கும்பல்களின் பகைதான் காரணம் என்ற கோணத்தில் விசாரித்தார்கள்.

தண்டனை விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. கிராக், அதாவது புகைப்பதற்காகக் கட்டியாக்கிய கொகைன், 5 கிராம் விற்பதற்காக வைத்திருந்து மாட்டினால் குறைந்தது ஐந்து வருடம் சிறை. பொடியாக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். இரண்டும் ஒரே பொருள்தான். கிராக் வழக்கில் மாட்டியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். 2010 வரை இந்த நூறு மடங்கு வித்தியாசம் நீடித்தது. அது முடிந்து இரண்டே வருடத்தில், 2012இல், மெக்சிகோ, கொலம்பியா கும்பல்களின் பணம் குறைந்தது 88 கோடி டாலர் எச்.எஸ்.பி.சி. வங்கி வழியாக வெளுக்கப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறையே சொன்னது. வங்கி 190 கோடி டாலர் கட்டியது. அதிகாரி ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. ஐந்து கிராமுக்கு ஐந்து வருடம், 88 கோடிக்கு ஒரு நாள்கூட இல்லை. இது எனக்கு ஆறவே ஆறாது.

பழக்கத்துக்கு அடிமையானவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஹெராயினுக்காவது மெத்தடோன் போன்ற மாற்று மருந்து உண்டு. கொகைன் பழக்கத்துக்கு அப்படி நிலைநாட்டப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ஆலோசனையும் கூட இருப்பவர்களின் பொறுமையும்தான் துணை. அவர்களுக்குச் சிறையைவிடச் சிகிச்சைதான் தேவை. என் கேள்வி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடும் வசதியோடு விருந்தில் கொகைன் பொடியைக் கோடாகப் போட்டு மூக்கில் இழுப்பவர்களிடம்தான். நீங்கள் கொடுக்கும் காசு குவாயாகில் வரைக்கும் போகிறது.

சட்டபூர்வமாக்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். தடை போட்ட வழி தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023இல் உலக உற்பத்தி 3,708 டன் என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது, அதுவரை இல்லாத அளவு. இலை பறிப்பவரையும் பழக்கத்தில் சிக்கியவரையும் விட்டுவிட்டுப் பணத்தின் பின்னால் போங்கள் என்பதுதான் என் வாதம். ஆனால் சட்டத்தை மாற்றியதும் கும்பல்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும் என்று நான் நம்பவில்லை. போதைப் பணத்தில் வாங்கிய துப்பாக்கி கையிலேயே இருக்கும். அது வேறு தொழில் தேடும்.

மெக்சிகோவின் சான் பெர்னாண்டோவில் அதுதான் நடந்தது. போதைக் கடத்தலில் கொழுத்த செட்டாஸ் கும்பல் ஊர்க்காரர்களையே கடத்திப் பணம் பறிக்க ஆரம்பித்தது. மிரியம் ரோட்ரிகஸ் என்ற அம்மாவின் மகளையும் கடத்தினார்கள். கேட்ட பணத்தைக் கட்டியும் மகள் உயிரோடு வரவில்லை. போலீஸை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் அவரே தேடக் கிளம்பினார். தலைமுடியை வெட்டிச் சாயம் பூசி, சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்தவர்போல் வீடு வீடாகப் போய் விவரம் சேர்த்தார். ஊர் மாறிப் பிழைத்துக்கொண்டிருந்த கடத்தல்காரர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துப் பிடித்துக் கொடுத்தார். காணாமல் போனவர்களின் மற்றக் குடும்பங்களையும் ஒன்றுசேர்த்தார். மிரட்டல் வருகிறது, பாதுகாப்பு வேண்டும் என்று அரசிடம் கேட்டார். 2017 மே 10 அன்று அவர் வீட்டு வாசலில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள். மெக்சிகோவில் அன்னையர் தினம் அன்றைக்குத்தான்.