பள்ளிச் செய்தி யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

மழை லீவு அறிவிப்பு காலை ஏழரைக்கு வந்தால், வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் எத்தனையோ அம்மாக்களுக்கு அது வராததுபோலத்தான். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வேன் அதற்குள் கிளம்பியிருக்கும். பிள்ளையை எழுப்பி, தலை வாரி, பள்ளிக்கு அனுப்புவது வீட்டிலிருக்கும் ஆயா, அதாவது பாட்டி. ஆயாவிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் இருக்கிற போன் வேனில் போய்க்கொண்டிருக்கும். பிள்ளை நனைந்துகொண்டே போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கும். எதிரே கடை வைத்திருப்பவர்தான் பாவம் பார்த்து, "இன்னாமா, இன்னிக்கு லீவு உட்டுட்டாங்களே, ஊட்ல சொல்லலியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்.

அந்தப் பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வந்திருக்கும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அருமையான திட்டம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் அது வந்த பிறகு லீவு என்பது சாப்பாட்டுச் சேதியும் ஆகிவிட்டது. பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும் என்று நம்பி அடுப்பு மூட்டாமல் வேலைக்குப் போகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அந்த வீடுகளுக்கு முந்தின நாள் இரவே தெரிந்தாக வேண்டும். மழை சொல்லிக்கொண்டு வராது என்பது எனக்கும் தெரியும். விடியற்காலையில் வானிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்கிற நாட்களும் உண்டு. ஆனால் வானிலை மையம் முந்தின மாலையே ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுத்திருக்கும் நாட்களிலாவது, மாவட்ட நிர்வாகம் இரவு ஒன்பது மணிக்குள் முடிவைச் சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு சிக்கல், மாவட்டம் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவே எந்நேரமும் போக்குவரத்து. பெண் கொடுத்த ஊர், வேலைக்குப் போகிற ஊர் எல்லாம் அந்தப் பக்கம். அங்கே லீவு விட்டால் அந்த மெசேஜ் இங்கே சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்துவிடுகிறது. பார்த்த அம்மா பிள்ளையை நிறுத்திக்கொள்கிறாள். இங்கே பள்ளி வழக்கம்போல் நடக்கும். போன வருஷத்து அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றிப் பரப்புகிறவர்கள் வேறு. பிள்ளையின் ஆசிரியரிடமிருந்து, தெரிந்த குரலில் ஒரு வார்த்தை வந்தால் இந்தக் குழப்பம் அத்தனையும் நின்றுவிடும்.

பெற்றோர் குரூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் என்ன வருகிறது என்று பாருங்கள். மேலிருந்து வந்த சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்து அப்படியே போடுகிறார்கள். மேலே "செயல்முறைகள்", அதற்குக் கீழே ந.க.எண், அப்புறம் "பொருள்", "பார்வை" என்று பார்வையிலேயே மூன்று கடிதம். "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று தொடங்கும் வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டிவிடும். பெற்றோருக்கு வேண்டிய ஒரே விஷயம், எந்தத் தேதிக்குள் எதைக் கொண்டுவர வேண்டும் என்பது. அது மூன்றாவது பத்தியில் மங்கலாக இருக்கும். எட்டாவது படித்த அம்மாவால் இதைப் பிரித்துப் படிக்க முடியாது. நான் டிகிரி படித்தவள், எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் ஒன்றியத்தில் ஈராசிரியர் பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. ஒருவர் லீவு போட்டால் மற்றவர்தான் ஐந்து வகுப்புக்கும். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் பதிவது, சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்ட மதிப்பீடு, காலை உணவைக் கவனிப்பது என்று எல்லாம் அந்த இருவர் தலையில். மாலையில் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் அதை அப்படியே குரூப்பில் தட்டிவிடத்தான் நேரம் இருக்கும். அதனால்தான் மாற்றம் மேலிருந்து வர வேண்டும் என்கிறேன். சுற்றறிக்கை அனுப்புகிற அலுவலகமே அதோடு பெற்றோருக்கென்று நான்கு வரி எளிய தமிழில் எழுதி, அரை நிமிடக் குரல் பதிவும் சேர்த்து அனுப்பட்டும். பேரணாம்பட்டிலும் வேலூர் டவுனிலும் அதை உருதுவில் ஒரு முறை பேசட்டும், ஆந்திர எல்லையோரம் பொன்னைப் பக்கம் தெலுங்கில். மாவட்டத்துக்கு ஒருவர் உட்கார்ந்து செய்தால் போதும், ஏழு ஒன்றியத்துக்கும் பயன்படும்.

தெரியாமல் போவதால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றாத தெரு குறைவு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. நான்காம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பள்ளியும் சரிபார்த்து அனுப்ப வேண்டும், கடைசித் தேதி உண்டு. பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் கைரேகை, கருவிழி பதிந்து ஆதாரைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? என் தெருவில் ஒரு அக்கா, பீடித் தொழிலாளர் அட்டை கையில் இருந்தும், இப்படி ஒரு உதவித்தொகை இருப்பதையே தேதி முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டார். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த 1,000 ரூபாயின் அருமை தெரியும்.

குடற்புழு நீக்க மாத்திரையும் இப்படித்தான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்தால், சாயந்திரம் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்றதும் தெருவே பதறுகிறது. வயிற்றில் பூச்சி அதிகம் இருக்கும் பிள்ளைக்கு லேசான வலியோ குமட்டலோ வரலாம், சீக்கிரம் சரியாகிவிடும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் இருக்காது. அடுத்த முறை மாத்திரை நாளன்று பிள்ளையை வீட்டில் நிறுத்தவும் மாட்டார்கள்.

சரி, பெற்றோருக்கு உரிமை இல்லாத இடமா பள்ளி? 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் 2022-இல் பெரிய அளவில் மறுகட்டமைப்பு நடந்தது, 2024-இல் மறுபடியும். நானும் ஒரு குழுவில் உறுப்பினர். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும். கூலிக்குப் போகிறவர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியாது. வந்தவர்கள் பேசுகிறோம், கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர் என்று தீர்மானம் போடுகிறோம். தீர்மானம் நோட்டிலும் செயலியிலும் ஏறிவிடுகிறது, தெருவுக்கு மட்டும் வருவதில்லை. அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளி கேட்டுக்கு வெளியே ஒட்ட எவ்வளவு செலவாகும்? கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே பள்ளிக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கி வாசித்தால் ஊரே கேட்கும்.

முன்பெல்லாம் ஊருக்குச் சேதி தண்டோராவில் போகும். ஒரு சாதியை மட்டும் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கவைத்த வழக்கம் அது. 2022-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதை நிறுத்தச் சொன்னார். சொன்னது மிகச் சரி. வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்பதுதான் அப்போது சொன்ன மாற்று. குப்பை வண்டியிலேயே மைக் கட்டி எவ்வளவோ அறிவிக்கிறார்கள். பள்ளிச் சேதிக்கும் அதைப் பயன்படுத்தலாமே.

எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானம் இது. பிள்ளையைச் சேர்க்கும்போதே, இந்த வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அப்பா நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது போதாது. அப்பா பெங்களூரில் இருப்பார். ஆயாவிடம் பட்டன் போன்தான் என்றால் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். போனே இல்லை என்றால் பக்கத்து வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் குழு உறுப்பினர்களாகிய நாங்கள் தெருத்தெருவாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆசிரியர் எங்களில் ஒருவருக்குச் சொன்னால் போதும்.

அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, அல்லேரி மாதிரி மலைக் கிராமங்களுக்கு இதுவும் சரிவராது. அங்கே பல இடங்களில் டவரே எடுக்காது, வீடுகளும் தள்ளித் தள்ளி இருக்கும். அந்தப் பக்கத்துப் பெற்றோரோ ஆசிரியரோ இதைப் படித்தால், உங்கள் பள்ளியில் எப்படிச் சேதி சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்னால் கிடைத்தால் அதையும் சேர்த்தே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதுகிறேன்.