தடைத்திறன் எழுதாத பெட்டியை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கான மின்கடத்தும் பிளாஸ்டிக் இழையை விற்பவர்கள் பெட்டியின்மேல் நிறத்தை எழுதுகிறார்கள், விட்டத்தை எழுதுகிறார்கள், உருக்கவேண்டிய வெப்பநிலையையும் எழுதுகிறார்கள். அந்த இழையை வாங்குவதற்கு இருக்கின்ற ஒரே காரணமான தடைத்திறனை, அதாவது மின்னோட்டத்தை அந்தப் பொருள் எவ்வளவு தடுக்கும் என்ற இலக்கத்தை மட்டும் எழுதமாட்டார்கள். சாதாரண இழையைவிடப் பல மடங்கு விலை கொடுத்து, கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குக் கூரியர் காசும் கட்டி எடுக்கிற எங்களுக்கு அந்த ஓர் இலக்கத்தைத் தருவதற்கு இவர்களுக்கு என்ன கேடு? தொலைபேசியில் கேட்டால், "நல்லாக் கரண்ட் பாயும், எடுங்கோ" என்ற பதில்தான் வருகிறது. 46 வீதம் நைதரசன் என்று எழுதாத யூரியாப் பையை வன்னியில் எந்த விவசாயி காசு கொடுத்து வாங்குவார்?

ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் இதை மறைப்பதில்லை. புரோட்டோபாஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம், காபன் கரித்தூள் கலந்த தன் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையால் அச்சிட்ட பாகத்தின் தடைத்திறன், இயந்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக இடும் படைகளின் போக்கில் ஏறத்தாழ 30 ஓம் சென்ரிமீற்றர், படைகளை ஊடறுத்து மேலிருந்து கீழாக ஏறத்தாழ 115 ஓம் சென்ரிமீற்றர் என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. அந்த 30 என்ற இலக்கம் கையில் இருந்தால் உயர்தர மாணவர் ஒருவரே மிச்சத்தைக் கணக்கிட்டுவிடுவார்: 10 சென்ரிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டு, வயருக்குப் பதிலாக அச்சிடும் ஒரு மின்தடத்தின் தடை 15,000 ஓம். அதே அளவுள்ள செப்புத் துண்டின் தடையோ ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 9 வோல்ற்று மின்கலத்தை அந்தப் பிளாஸ்டிக் தடத்தின் வழியாக ஓர் எல்.ஈ.டி.க்குக் கொடுத்தால் அரை மில்லிஅம்பியர் அளவில்தான் ஓட்டம் கிடைக்கும்; விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான்.

பயிற்சிப் பட்டறைகளில் நடக்கிற அநியாயம் இங்கேதான் தொடங்குகிறது. யன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கி, அந்த மங்கல் வெளிச்சத்தைக் காட்டி, "இனி வயரே தேவையில்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிற பிள்ளை அதை நம்பி, வீட்டுக் கச்சான் தோட்டத்துக்கு நீர்ப்பம்பியைத் தானாக முடுக்கும் பெட்டி ஒன்றை வடிவமைத்து, வயர்களுக்குப் பதிலாக இந்த இழையாலேயே தடங்களை அச்சிடுகிறது. பம்பியை முடுக்கும் மின்சார ஆளியான, 70 மில்லிஅம்பியர் வேண்டிநிற்கும் 5 வோல்ற்று ரிலே அந்தத் தடத்தின் வழியே எப்படி இயங்கும்? தடங்களைத் தடிப்பாக்கித் தடையைக் குறைத்து, கூடிய ஓட்டத்தைச் செலுத்தினால் தடமே சூடாகிறது, பி.எல்.ஏ. 60 பாகை செல்சியசை அண்டியே இளகிவிடும். அதில் வயரை ஈயம் வைத்து ஒட்டவும் முடியாது. இரவிரவாக அச்சிட்டு, இடையில் மின்வெட்டு வந்து குழம்பியதை மறுபடி அச்சிட்டு, கண்காட்சி மேசையில் வேலை செய்யாத பெட்டியோடு தலைகுனிந்து நிற்கிற அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதையாவது விற்பவர் அறிந்திருக்க வேண்டாமா? பிளாஸ்டிக்கினுள் கலந்த காபன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ச்சியான சங்கிலிகளாக அமையும்போதுதான் மின் பாய்கிறது. கலந்த துகள்களின் விகிதம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் சங்கிலி அறுந்து, தடை பல இலட்சம் மடங்கு எகிறிவிடும். நிலைமின்னிலிருந்து இலத்திரனியல் பாகங்களைக் காப்பதற்கென்றே செய்யப்படும் இழைகள் பொதுவாக 10 இலட்சம் முதல் 100 கோடி ஓம் வரையான மேற்பரப்புத் தடைக்காக வடிவமைக்கப்படுகின்றன. அவையும் கறுப்பு, இவையும் கறுப்பு. எங்களுக்கு வந்த ஒரு சுருள் அதுவும்கூட இல்லை. வெறும் காபன் நார் கலந்த இழை. மல்ரிமீற்றரில் எந்த வாசிப்பும் வரவில்லை, இழை உருகி வெளிவரும் பித்தளை நொசிலின் துவாரம் நாரால் தேய்ந்து பெருத்துப்போனதுதான் மிச்சம். விற்றவரிடம் முறையிட்டபோது எங்கள் மீற்றர் பழுது என்று கூசாமல் சொன்னார்.

எனக்கு ஆற்றமாட்டாத கோபம் வருவதற்குக் காரணம், இந்தப் பொருள் உதவாத பொருள் அல்ல என்பதுதான். 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வோர்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காபன் கரித்தூளையும் பொலிகப்ரோலக்ரோன் என்ற பிளாஸ்டிக்கையும் கலந்து அச்சிட்டுக் காட்டியபோதே, வளைவை உணரும் கையுறை, தொடுகையை உணரும் பொத்தான்கள், தண்ணீரின் அளவை உணரும் குவளை என்று உணரிகளைத்தான் செய்து காட்டினார்கள். ஈர மண்ணில் செப்புக் கம்பி அரிபட்டுப் போகிற இடத்தில் காபன் கலந்த முனை அப்படி அரிபடாது. தோட்டத்து ஈரமானிக்கு அது போதும். எல்லாவற்றையும்விட, போரிலும் மிதிவெடியிலும் கையை இழந்தவர்கள் வாழ்கிற மண் இது. சாதாரண பிளாஸ்டிக்கால் செய்த செயற்கை விரல் கைத்தொலைபேசியின் திரையில் பட்டால் திரை அசையாது. அந்த விரல்நுனியை மின்கடத்தும் இழையால் அச்சிட்டு, உடம்பின் தோலில் படும்வரை அதன் தொடர்ச்சியைக் கொண்டுவந்தால் திரை தொடுகையை உணரும். அதற்குத் தேவையான ஓட்டம் மிகமிகச் சிறியது. பல ஆயிரம் ஓம் தடை இருந்தாலும் காரியம் நடக்கும். இப்படியான வேலைக்காகக் காத்திருந்தபோதுதான் அந்தக் காபன் நார்ச் சுருள் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே விற்பவர்களிடம் கேட்கிறேன்: படைகளின் போக்கில் எத்தனை, படைகளை ஊடறுத்து எத்தனை, எந்த வெப்பநிலையில் அச்சிட்டு அளந்தீர்கள் என்று பெட்டியிலேயே எழுதுங்கள். உங்களிடம் அந்த இலக்கம் இல்லையென்றால் தயாரித்தவரிடம் கேட்டு வாங்குங்கள். அவரும் தரவில்லையென்றால் அந்தச் சுருளைக் கறுப்பு இழை என்று கறுப்பு இழையின் விலைக்கே விற்றுத் தொலையுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் மின்கடத்தி என்று சொல்லிக் காசு பிடுங்காதீர்கள்.